நான் வரையாத இரண்டு விரல்கள்

என் படத்தில் நான் வரையாத இரண்டு விரல்களை நீ வரைந்து சேர்த்திருக்கிறாய். நடந்த தவறு இதுதான். இதை நயமாகச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. இந்த வயதில் அதைக் கற்றுக்கொள்ளவும் போவதில்லை. அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் பெங்களூரில் என் பேனாப் படங்களின் கண்காட்சி. இரண்டையும் நீயே ஏற்பாடு செய்தாய். இரண்டுக்குமான அழைப்பிதழ்கள் ஒரே உறையில் வந்தன. கல்யாணப் பத்திரிகையை உன் அம்மா மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். மற்றதை நான் ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். அட்டையில் மக்பூல் பாயின் வலது கை இருந்தது. ஐந்து விரல்களும் முழுசாக இருந்தன. எங்கள் கம்பெனியில் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டராக இருந்த மக்பூல் பாய்க்கு, மிஷின் இரண்டை எடுத்த பிறகு, அந்தக் கையில் மூன்று விரல்தான் என்பது ஊருக்கே தெரியும், உனக்கும் தெரியும். கிருஷ்ணகிரியிலிருந்து அவர் கொண்டுவந்த மாம்பழத்தை அந்தக் கையிலிருந்துதான் நீ சின்ன வயதில் வாங்கித் தின்றாய்.

அன்றைக்கே கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் உன் ஆபீசுக்குக் கூப்பிட்டேன். நாம் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. உனக்கு மறந்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

“ஏம்ப்பா, பாயோட கையில அஞ்சு வெரல் எப்படி வந்துச்சு?”

“பழைய பிலிம்தானேப்பா, மை உதிர்ந்திருந்துச்சு. தொட்டுக்குடுத்தேன். நீங்க சொல்லிக்குடுத்த வேலைதானே?”

“உதிர்ந்துச்சா?”

“ஆமாப்பா. பாஸ் கூப்பிடறாரு, அப்புறம் பேசறேன்.”

இந்தப் பதிலை வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் அவர்களுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. என்னிடம் சொன்னதால்தான் அது செல்லுபடியானது. நான் ஓசூர் கம்பெனியின் டிராயிங் ஆபீசில் டிரேசராகவே காலம் தள்ளியவன். இன்ஜினியர் பென்சிலில் போட்டதை வழவழப்பான பிலிமில் மையால் எடுத்துக்கொடுப்பது என் வேலை. காகிதத்தைப் போல பிலிம் மையைக் குடிக்காது. மை மேலேயே காய்ந்து நிற்கும். நாளானால், அடிக்கடி சுருட்டினால், ஓரிடத்தில் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். உதிர்ந்த இடத்தில் யாரையும் கேட்காமல் கோட்டைத் தொட்டு முழுசாக்கிக் கொடுப்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். கோடு பாதியில் நின்றால் மிஷின்காரன் பொருளைத் தப்பாக வெட்டிவிடுவான் என்பதுதான் காரணம். ஐ.டி.ஐ. முடித்து நீ என் பக்கத்து மேசையில் அப்ரெண்டிஸாக இருந்த வருடம் முழுக்கச் செய்ததும் அதைத்தான். என் சொந்தப் படங்களையும் ஆபீசில் கழித்துப் போட்ட பிலிம் துண்டுகளில்தான் வரைந்தேன். ஆகவே உன் பதிலில் ஒரு ஓட்டையும் இல்லை. ஒரு ஓட்டையும் இல்லாததுதான் என்னை உறுத்தியது. உண்மையைச் சொல்கிறவன் இவ்வளவு கச்சிதமாகச் சொல்வதை நான் பார்த்ததில்லை.

அந்தக் கை எப்படி என் படத்துக்கு வந்தது என்பதை நீ முழுசாகக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்தப் படத்தைத் தொட்டிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு யாரும் வரையச் சொல்லித் தரவில்லை. மத்தூரிலிருந்து வந்து வேலையில் சேர்ந்த புதிதில், மிஞ்சிய பிலிமும் மையும் கையில் இருந்ததால் வரைய ஆரம்பித்தேன். எல்லாரும் வரைவதையே வரைந்தேன். ஓசூர் மலைக்கோயில், கிருஷ்ணகிரி அணை, காலண்டரில் பார்த்த மான், குடம் தூக்கிய பெண். இன்ஜினியர்கள் கேட்டு வாங்கிப்போய் வீட்டில் மாட்டினார்கள். “போட்டோ மாதிரியே இருக்குப்பா” என்றார்கள். போட்டோ மாதிரி இருந்தால் போட்டோவே எடுத்துக்கொள்ளலாமே, எதற்கு நான் ஒருவன் கண்ணைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. டிரேசருக்கு எதற்கு இந்தக் கேள்வி என்பார்கள்.

எங்கள் பிரஸ் ஷாப்பில் ஆயுத பூஜைக்கு ஒரு பழக்கம் இருந்தது. மிஷினைத் துடைத்து, மாலை போட்டு, அதை ஓட்டுகிற ஆள் தன் வலது கையைச் சந்தனத்தில் முக்கி மிஷின் நெற்றியில் பதிப்பான். ஒரு வருடம் பொரி வாங்கிக்கொள்ள நான் உள்ளே போனபோது, கைகள் காயட்டும் என்று எல்லாரும் வெளியே நின்றிருந்தார்கள். நான் மட்டும் மிஷின் வரிசை நடுவே நடந்தேன். ஒரு மிஷினில் ஐந்து விரல் பதிந்திருந்தது. அடுத்ததில் நான்கு. அதற்கடுத்ததில் கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் அதன் அடிப்பாகம் மட்டும். சந்தனம் மணந்துகொண்டிருந்தது. தினம் அந்த ஆட்களுடன் கேன்டீனில் சாப்பிட்டவன் நான். ஒவ்வொருவராகப் பார்த்தபோது தெரியாத ஒன்று, மிஷின்மேல் வரிசையாகப் பதிந்தபோது தெரிந்தது.

மக்பூல் பாயின் மிஷினில் ஒன்றும் இல்லை. அவர் பூஜை செய்ய மாட்டார், ஆனால் எல்லாரோடும் நின்று பொரி தின்பார். பக்கத்து மிஷின் முருகேசன் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். எல்லாரும் திரும்ப உள்ளே வந்ததும் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றான்.

“ஓய் பாய், உம்ம மிஷினுக்கு நான் கை வச்சிரட்டுமா? வெறும் நெத்தியா நிக்கி, பாக்கச் சகிக்கல.”

“வைப்பா. ஆனா ரெண்டு வெரல மடக்கிக்க. அஞ்சையும் வெச்சீன்னா எவனோ புது ஆளுன்னு மிஷின் நெனச்சிக்கும்.”

எல்லாரும் சிரித்தார்கள், ஃபோர்மேனும் சிரித்தார். முருகேசன் சிரிக்காமல் மோதிர விரலையும் சுண்டுவிரலையும் மடக்கிக்கொண்டு கையைப் பதித்தான். ஐந்து விரல் உள்ளவன் இன்னொருவனுக்காக இரண்டை மடக்கியதை நான் அன்று பார்த்தேன். மலைக்கோயிலும் மானும் எனக்கு அன்றோடு முடிந்தன. ஒரு கருப்பொருளைத் தேடிப் போனேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அது அங்கேயேதான் இருந்தது. நான்தான் அழகான இடங்களாகப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் பாய் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். முகம் வேண்டாம், கை மட்டும் போதும் என்றேன். அவர் சம்சாரத்துக்குப் பிடிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றபடியே சொன்னார்: “எதுக்குங்க இதப் போய் வரையறீங்க? கட்டிக்குடுக்க வேண்டிய பொண்ணு வீட்ல இருக்கு. பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?”

“நெனைக்கட்டும்,” என்றார் பாய். “கைய மறைச்சா, வேற எதையோ மறைக்கறோம்னு நெனப்பாங்க.” பிறகு என்னிடம் திரும்பி, “சார், உள்ளபடி போடுங்க. நல்லாயிருக்கணும்னு ஒண்ணும் சேக்காதீங்க. சேத்தா அது எங் கை இல்ல, எவனோ ஒருத்தன் கை” என்றார். நான் சரி என்றேன். அவர் என்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான்.

ஞாயிறுதோறும் போனேன். விரல் இருக்கும் இடத்தில் கோடு போவது எளிது. எலும்பு வழிகாட்டும், கணு எங்கே என்று தெரியும். விரல் போன இடத்தில் தோல் இழுத்துக் கட்டினாற்போல வழவழப்பாக இருக்கும். கோடுகள் அதுவரை வந்து எங்கே போவதென்று தெரியாமல் நின்றுவிடும். முதலில் அங்கே குறுக்குக்கோடுகளை அடர்த்தியாகப் போட்டு இருட்டாக்கினேன். பாய் எட்டிப் பார்த்தார். “அழுவற மாதிரி இருக்கு சார். கை அழுவுமா?” என்றார். கிழித்துப் போட்டேன். அடுத்ததையும் கிழித்தேன். கடைசியில் அந்த இடத்தைச் சுற்றி ஒரே ஒரு மெல்லிய கோட்டை வளைத்து மூடிவிட்டு, மேலே பிலிமை வெறுமையாக விட்டேன். பாய் வெகுநேரம் பார்த்துவிட்டு, “ம், இது நான்தான்” என்றார். அதற்குப் பிறகு மற்ற ஆபரேட்டர்களும் உட்கார்ந்தார்கள். யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை, பாய் உட்கார்ந்ததே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. அந்தக் கைகள் எல்லாம் நம் வீட்டுத் தகரப்பெட்டியில் இருக்கின்றன. கண்காட்சிக்கு நீ பெட்டியைத் திறந்து தேர்ந்தெடுத்தபோது நான் பக்கத்தில் இல்லை. கோயிலையும் அணையையும் மானையும் எடுத்துக்கொண்டு, கைகளில் பாயின் கையை மட்டும் எடுத்திருக்கிறாய். மற்றவை எல்லாம் அப்படியே கிடக்கின்றன. அவற்றிலும் மை உதிர்ந்திருந்ததா?

எனக்குச் சந்தேகம் அட்டையில் தொடங்கவில்லை. நம் பழைய கம்பெனியின் விளம்பர மேனேஜர் ஆப்பிள் கூடையோடு நம் வீட்டுக்கு வந்தாரே, அன்றைக்கே தொடங்கியது. நீதான் அனுப்பியிருந்தாய். அவர் செருப்பை வாசலிலேயே கழற்றியதைப் பார்த்ததும் இவருக்கு என்னிடம் ஏதோ காரியம் ஆக வேண்டும் என்று நினைத்தேன்.

“ஆர்டிஸ்ட் சார், நம்ம கம்பெனியிலயே இப்படி ஒரு திறமை இருந்திருக்கு, எங்களுக்குத் தெரியாமப் போச்சே!”

“தெரியும். சாப்பாட்டு நேரத்துல வரைஞ்சேன்னு மெமோ குடுத்தீங்க.”

“ஹஹ்ஹ, பழச விடுங்க சார். ஹால் எங்க பொறுப்பு, கார்டு எங்க பொறுப்பு. பாக்கறவங்களுக்கு மனசுக்கு இதமா இருக்கணும், அவ்வளவுதான்.”

உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்த உன் அம்மாவுக்கு ஒரே பெருமை. நான் ஆப்பிளைத் தொடவில்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் “ஏய் டிரேசர்” என்று கூப்பிட்டவர்கள் இன்று ‘சார்’ போட்டால் அந்த ‘சார்’ யாருக்கு என்று கேட்க வேண்டும். நீ கேட்கவில்லை. உன் விளம்பரக் கம்பெனிக்கு அவர்கள் வாடிக்கையாளர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதையும் நீ சொல்லவில்லை, உன் நண்பன் பேச்சுவாக்கில் சொன்னான்.

ஆகவே போன வாரம் உனக்குச் சொல்லாமல் சூளகிரியிலிருந்து வந்த பஸ்ஸில் நின்றுகொண்டே பெங்களூர் போனேன். படங்களுக்குச் சட்டம் போடும் கடை சிவாஜிநகரில் இருக்கிறது என்று உன் அம்மாவிடம் நீ சொல்லியிருந்தாய். கண்டுபிடித்தேன். கடைக்காரர் பாயின் படத்தை எடுத்துக் காட்டினார். கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன்.

“இன்னா சார் நீங்க, டைட்டா போட்டு ஒட்டி வெச்சிட்டேன், இப்போ போய் கழட்டச் சொல்றீங்களே?”

“கழட்டுப்பா. வரைஞ்சவன் நான்.”

“நீங்களா? உங்க பையன் வரைஞ்சதுன்னு இல்ல நெனச்சேன்! இங்கயேதான் உக்காந்து பிளேடு போட்டு சொரண்டினு இருந்தாரு. டை கட்டின ஒருத்தர் பின்னாலயே நின்னு பாத்துனு இருந்தாரு. அவரு சொல்லச் சொல்ல உங்க பையன் வரைஞ்சினு இருந்தாரு சார்.”

கழற்றிய பிலிமை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தேன். உதிர்ந்த மை பிலிமில் மங்கலாகத் தடம் விட்டுப் போகும். அந்தத் தடம் எங்கும் இல்லை. நான் வளைத்து மூடிய மெல்லிய கோடு இருந்த இடத்தில் பிளேடு சுரண்டிய கீறல்கள் பளபளத்தன. அதற்கு மேலே மோதிர விரலும் சுண்டுவிரலும் நின்றன. கணு, நகம், நிழல் எல்லாம் இருந்தன. கோட்டின் அழுத்தம், புள்ளிகளின் இடைவெளி எல்லாம் என்னுடையது போலவே இருந்தன. நீ மிக நன்றாக வரைந்திருக்கிறாய். இதை ஒப்புக்கொள்ளாமல் விட்டால் நானும் பொய் சொன்னவன் ஆவேன். இவ்வளவு நாளும் என் மகன் பிறர் சொன்ன சோப்புக்கும் டயருக்கும் படம் போட்டுத் தன் கையை மழுங்கடித்துக்கொண்டான் என்று நினைத்திருந்தேன். மழுங்கவில்லை. அது இன்னும் மோசம். தெரியாமல் செய்தவனை விட்டுவிடலாம்.

நீ ஏன் செய்தாய் என்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். அந்த மேனேஜர் மிரட்டியிருக்கலாம். உன் வேலைக்கு ஆபத்து வந்திருக்கலாம். அல்லது இப்படிச் செய்தால்தான் அப்பாவுக்கு ஹால் கிடைக்கும், கிழவன் ஒருநாளாவது மாலை போட்டுக்கொண்டு நிற்பான் என்று என்மேல் உள்ள பிரியத்தில் செய்திருக்கலாம். இந்தக் கடைசிதான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது, ஏனென்றால் உன் அம்மா இதைத்தான் சொல்கிறாள். “புள்ளைக்குக் கல்யாணத்த வெச்சிக்கிட்டு ரெண்டு வெரலுக்கு மல்லுக்கட்டறீங்களே. யாருக்கு நஷ்டம்? பாய் பாத்தா சந்தோஷந்தான் படுவாரு” என்கிறாள். பாய் சந்தோஷப்படுவார் என்றால், கல்யாணத்துக்கு எல்லாரையும் தட்டு வைத்து நேரில் அழைக்கும் நீ, அவருக்கு மட்டும் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிடலாம் என்று ஏன் சொன்னாய்? அன்றைக்கே அது எனக்குச் சரியாகப் படவில்லை. இப்போது புரிகிறது. அவர் கையைப் பார்த்துக்கொண்டு தட்டை நீட்ட உன்னால் முடியாது.

நீ இனிமேல் சொந்தமாக வரையப்போவதாக உனக்கு நிச்சயித்திருக்கும் பெண்ணிடம் சொன்னாயாம், அவள் உன் அம்மாவிடம் சொன்னாள். நல்லது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பேனாவில் வரைகிறவனுக்கு என்ன வரைவது என்பதைவிட, யாருக்காக அதை மாற்ற மாட்டேன் என்பது முக்கியம். மலையை வரைந்தால் யாரும் வந்து மாற்றச் சொல்ல மாட்டார்கள். ஒருவன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து மாற்றச் சொல்கிறான் என்றால், அந்தப் படத்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் பேனாவைக் கீழே வைத்துவிடு. சும்மா உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. அழகாக வருவதற்காகவோ பரிதாபமாக வருவதற்காகவோ எதையும் சேர்க்காதே. உனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆள் படத்தைப் பார்த்து “இது நான்தான்” என்று சொல்ல வேண்டும். அதற்கு அப்புறம்தான் ஹால், கார்டு, மாலை எல்லாம்.

சட்டம் போடும் கடையிலேயே நான் அந்த இரண்டு விரல்களைச் சுரண்டி எடுத்திருக்க முடியும். பிளேடு மேசைமேல்தான் கிடந்தது. செய்யவில்லை. நான் செய்தால் விஷயம் சத்தமில்லாமல் முடிந்துவிடும். நீயும் நானும் கல்யாண மேடையில் ஒன்றும் நடக்காதது போல நிற்போம். அது எனக்கு வேண்டாம். இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். இதில் பேரம் இல்லை.

அந்த விரல்களை நீ எடுக்க வேண்டும், உன் கையால். அந்த மேனேஜர் பின்னால் நிற்கக் கூடாது. விரலை எடுத்த பிறகு அந்த இடத்தை மூடும் கோட்டை நீ தொடாதே, அதை நான் போடுவேன். சுரண்டிய பிலிமில் மை கொஞ்சம் பரவும். பரவட்டும், மறைக்க மாட்டேன்.

கம்பெனியின் பெயர் கண்காட்சியிலிருந்து போக வேண்டும். அதை மேனேஜரிடம் சொல்ல வேண்டியவன் நீ. ஹால் போனால் போகட்டும், வேலை போகும் என்றால் அதை என்னிடம் நேராக வந்து சொல், என்ன செய்வதென்று பார்ப்போம். தொலைபேசியில் சொல்லாதே.

தகரப்பெட்டியில் உள்ள கைகள் எல்லாம் கண்காட்சிக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் போகக் கூடாது. கோயிலையும் மானையும் நீ வேண்டுமானால் உன் வீட்டில் மாட்டிக்கொள்.

அட்டை யார் யாருக்குப் போனதோ அவர்களுக்கெல்லாம், படம் தவறு என்று நீ எழுத வேண்டும். மை உதிர்ந்தது என்று எழுதாதே.

நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் கல்யாணத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும். அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்றால், அதையும் நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் அம்மா உனக்காக என்னிடம் பேசுவதை நிறுத்த வேண்டும். நிறுத்த மாட்டாள். இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

நான் கல்யாணத்துக்கு வருவேன், தாலி கட்டும்போது பக்கத்தில் நிற்பேன், அன்று யாரிடமும் இதைப் பேச மாட்டேன். கண்காட்சிக்கு, மேலே சொன்னதெல்லாம் நடந்தால் மட்டும் வருவேன்.

இதற்கெல்லாம் முதலில், வருகிற ஞாயிற்றுக்கிழமை, தட்டும் கல்யாணப் பத்திரிகையும் அந்த அட்டையுமாக நீ கிருஷ்ணகிரிக்குப் போக வேண்டும். நான் கூட வர மாட்டேன். அட்டையை மக்பூல் பாய் கையில் கொடுத்து, இதை நான்தான் செய்தேன் என்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் பத்திரிகையை வைக்க வேண்டும்.

மக்பூல் பாய் எதுவும் செய்ய வேண்டியதில்லை. உன்னை மன்னிக்க வேண்டியதும் இல்லை. நீ சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் டீ கொடுத்தால் உட்கார்ந்து குடி. கொடுக்காவிட்டால் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறு.